நகரும் சுவருக்கு மின்சாரம்: கேம்பர் வண்டியின் ஸ்லைடு-அவுட்டில் பிளக் பாயிண்ட் சேர்ப்பது பற்றிய ஆய்வு

1. பொருளும் நிலைப்பாடும்

அமெரிக்காவில் ஆர்.வி. என்றும் கேம்பர் என்றும் அழைக்கப்படும் வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகின்றன. அவ்வட்டாரத்தின் நாப்பனீ ஊரைச் சேர்ந்த நியூமார் நிறுவனம் 1990-இல் தன் மோட்டார் வண்டியில் ஸ்லைடு-அவுட் அமைப்பைக் கொண்டுவந்தது. வண்டி ஓடும்போது உள்ளே ஒடுங்கியிருந்து, முகாமில் நிறுத்தியதும் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி அது. சோபாவும் சாப்பாட்டு மேசையும் கட்டிலும் அதற்குள் இடம்பெயர்ந்ததால், வண்டியின் நடுவே ஆட்கள் நடமாடத் தாராளமான இடம் கிடைத்தது. இன்று இழுவை வண்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் ஸ்லைடு சர்வசாதாரணம்.

மனிதர்கள் உட்காரும் இடமும் படுக்கும் இடமும் ஸ்லைடுக்குள் போய்விட்டன. ஆனால் பல வண்டிகளில் பிளக் பாயிண்டுகள் நிலையான சுவர்களிலேயே தங்கிவிட்டன. சோபாவில் மடிக்கணினியுடன் உட்கார்ந்தவருக்கும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்க சிபாப் கருவியை மாட்டிக்கொண்டு படுப்பவருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் மின்சாரம் இல்லை. இந்தக் குறையைப் பெரும்பாலோர் ஓர் எக்ஸ்டென்ஷன் வயரால் தீர்த்துக்கொள்கிறார்கள். ஸ்லைடு உள்ளே வரும்போது நசுங்கக்கூடிய இடத்திலேயே அந்த வயர் கிடக்கிறது. ஒருமுறை நசுங்கிய வயரில் மேலுறை பார்வைக்கு முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பிழைகள் அறுந்திருக்கும். மிச்சமிருக்கும் இழைகள் வழியே முழு மின்னோட்டமும் பாயும்போது அந்த இடம் சூடாகும். ஒட்டுப்பலகையும் ஃபோமும் துணியுமாகக் கட்டப்பட்ட ஒரு சிறு அறைக்குள் நடப்பது இது.

பிளக் பாயிண்டைப் பொருத்துவது அரைமணி நேர வேலைதான். அசையாத உடலிலிருந்து அசையும் பெட்டிக்குக் கம்பி கடந்து செல்லும் இடம்தான் முழுக் கவனத்தையும் கேட்கிறது. அதை இக்கட்டுரை ‘கடவு’ என்று குறிக்கும். தொழிற்சாலை ஏற்கெனவே அமைத்துள்ள கடவைக் கண்டறிந்து, அதைத் தாண்டிய பிறகு கிளை பிரிப்பதே முதல் வழி. புதிய கடவு அமைப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்ய வேண்டியது. இதுவே இங்கு நிறுவப்படும் கருத்து.

2. ஸ்லைடின் உடற்கூறு

ஸ்லைடை நகர்த்தும் முறைகள் பல. தரைக்கடியில் பல்சக்கரமும் பற்சட்டமும் கொண்டவை ஒரு வகை. ஹைட்ராலிக் உருளை தள்ளுபவை, எஃகுக் கம்பிவடம் இழுப்பவை, பக்கச் சுவரின் விளிம்பிலேயே சிறு மோட்டார்கள் பதிந்தவை என்று மற்றவை. வயரைப் பொறுத்தவரை ஒரு கேள்விதான் முக்கியம்: ஸ்லைடின் தரைக்கும் வண்டியின் தரைக்கும் நடுவே எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது? பற்சட்ட வகையில் பெரும்பாலும் அடிப்பக்கம் காலியாக இருக்கும். வயரும் அங்கேதான் தொங்கும். சுவர்விளிம்பு மோட்டார் வகையில் அடியில் இயந்திரம் குறைவு என்றாலும், பக்க விளிம்பு முழுக்கப் பற்களும் ரப்பர் அடைப்புகளுமாக இருப்பதால் அங்கே துளையிடக் கூடாது.

சுவரின் கட்டுமானமும் இரு வகை. மரச்சட்டம் அடித்து நடுவே பஞ்சு நிரப்பிய சுவரில் கம்பியை மேலிருந்து கீழே நழுவவிடலாம். அலுமினியச் சட்டத்துக்கு நடுவே ஃபோம் கட்டியை வைத்து, இருபுறமும் பலகை ஒட்டி அழுத்திய சுவரில் அது நடக்காது. தொழிற்சாலையில் விட்டிருக்கும் குழல்வழி மட்டுமே உண்டு. அதுவும் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இந்த வகைச் சுவரில் துளை போட்டுப் பார்த்துத் தேடுவது வண்டியைக் கெடுக்கும் வேலை.

3. விதிநூல் சொல்வது

அமெரிக்க மின்பணிகளுக்கு அடிப்படை, 1897-இல் முதன்முதலாக வெளிவந்து இப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் தேசிய மின்விதித் தொகுப்பு. அதன் 551-ஆம் பிரிவு இந்த வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. இரண்டு அடியும் அதற்கு மேலும் அகலமுள்ள சுவர்ப்பரப்பில், தரையோரத்தில் எந்தப் புள்ளியும் ஒரு பிளக் பாயிண்டிலிருந்து ஆறு அடிக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்கிறது அது. அலமாரியும் நிலையாகப் பொருத்திய தட்டுமுட்டுகளும் அடைத்துக்கொண்ட சுவருக்கு விலக்கு உண்டு. ஸ்லைடின் சுவர்களில் பெரும்பகுதி அப்படி அடைபட்டவையே. ஸ்லைடில் பாயிண்ட் குறைவாக இருப்பது எல்லா நேரமும் விதிமீறல் அல்ல. விதி கேட்ட குறைந்தபட்சத்தோடு தயாரிப்பாளர் நின்றுகொள்கிறார், அவ்வளவே. ஆனால் அந்தக் குறைந்தபட்சம் மனிதர் வாழும் இடத்துக்குப் போதவில்லை என்பதை விதிநூல் கவனித்தாக வேண்டும்.

விரியும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் முறையை அதே பிரிவின் 551.47 வகுக்கிறது. கடினப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்ற வளையும் வயரால் நேரடியாக இணைக்கலாம்; அல்லது பிளக்கும் வயருமாக, கழற்றி மாட்டும் வகையில் இணைக்கலாம். நேரடி இணைப்பில் வயர் ஈரமான இடத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். வண்டியின் அடிப்புறத்தில் அது வெளித்தெரியக் கிடக்க அனுமதி உண்டு. சுவருக்கோ தரைக்கோ உள்ளே மறைந்து செல்லும் நீளம் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மறைந்து செல்லும் பகுதி வளையாத குழாய்க்குள் இருக்க வேண்டும். பிளக் முறையில், மின்சாரம் பாயும் முனைகள் வெளியே தெரியும்படி எந்த நிலையிலும் அமையக் கூடாது.

வளையும் வயரை நிலையான வயரிங்குக்கு மாற்றாகப் பயன்படுத்துவதை 400-ஆம் பிரிவு பொதுவாகத் தடைசெய்கிறது. ஸ்லைடின் கடவு அதற்கு அளிக்கப்பட்ட குறுகிய விலக்கு. வண்டி விற்பனையான பின் உரிமையாளர் செய்யும் வேலையைப் பார்க்க ஆய்வாளர் எவரும் பெரும்பாலும் வருவதில்லை. அதனாலேயே உரிமையாளர் இந்தப் பக்கங்களைத் தானே படித்தாக வேண்டும்.

4. லோடு

புதிய பாயிண்ட் புதிய மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. இருப்பதைப் பங்கு போடுகிறது. அமெரிக்க வண்டிகளின் வெளி இணைப்பு பொதுவாக இரு அளவுகளில் வரும். 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட்டில் 3,600 வாட் கிடைக்கும். 50 ஆம்பியர் இணைப்பில் இரு தனித்தனி முனைகள் இருப்பதால் 12,000 வாட் வரை போகும். உள்ளே ஒரு 15 ஆம்பியர் சர்க்யூட் 1,800 வாட் தாங்கும். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு என்றால் அதில் எண்பது விழுக்காட்டை, அதாவது 12 ஆம்பியரை, எல்லையாகக் கொள்ள வேண்டும்.

ஸ்லைடில் பாயிண்ட் வந்ததும் அங்கே முதலில் வந்து அமர்வது பெரும்பாலும் 1,500 வாட் அறைச் சூடேற்றிதான். அது ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் வண்டியில் 1,440 வாட் வெந்நீர்க் கொதிகலன் 12 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும்போது சூடேற்றியும் ஓடினால், மைக்ரோவேவ் அடுப்பை இயக்கிய சிறிது நேரத்தில் முதன்மை பிரேக்கர் விழுந்துவிடும். பிரேக்கர் விழுவது நல்லதே; அது தன் வேலையைச் செய்கிறது. அதைத் தடுக்கப் பெரிய பிரேக்கரை மாட்டுவது குற்றத்துக்கு ஒப்பான செயல். 14 கேஜ் கம்பிக்கு 15 ஆம்பியர், 12 கேஜ் கம்பிக்கு 20 ஆம்பியர் என்பது எல்லை. சுவருக்குள் இருக்கும் கம்பியை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் மாற்றினால், இனி முதலில் உருகுவது கம்பி.

கிளை எடுக்கப்போகும் சர்க்யூட்டில் வேறென்ன இருக்கிறது என்பதை முன்பே அறிய வேண்டும். ஒவ்வொரு பிரேக்கராக அணைத்து, எந்தெந்தப் பாயிண்ட் சாகிறது என்று வரைபடம் எழுதிக்கொள்வதே வழி. இந்த வண்டிகளில் இது சலிப்பூட்டும் அளவுக்கு எதிர்பாராத விடைகளைத் தரும்: படுக்கையறைப் பாயிண்டும் வெளிச்சுவர்ப் பாயிண்டும் குளியலறையும் ஒரே சரத்தில் கோக்கப்பட்டிருப்பது வழக்கம்.

5. கடவு

5.1. இருக்கும் கடவைத் தேடுதல்

ஸ்லைடுக்குள் ஏற்கெனவே ஒரு 120 வோல்ட் பாயிண்ட் இருக்கிறதா? சோபாவுக்குப் பின்னால், மேசை இருக்கையின் பெட்டிக்குள், ஸ்லைடின் முகப்புச் சட்டத்தில், மின்கணப்புக்குப் பின்னால் என்று அது ஒளிந்திருக்கலாம். 120 வோல்ட்டில் இயங்கும் குளிர்பெட்டியோ மின்கணப்போ ஸ்லைடில் இருந்தால் மின்சாரம் உள்ளே வந்துவிட்டது என்பது உறுதி. அந்தப் பாயிண்டிலிருந்து ஸ்லைடுக்குள்ளேயே அடுத்த பாயிண்டுக்குக் கம்பி இழுத்தால் கடவைத் தொடவே வேண்டியதில்லை. அங்கிருந்து இழுக்கும் கம்பி நகரும் பெட்டியோடு சேர்ந்தே நகர்வதால் வளைவதில்லை. வீட்டு வயரிங்கில் பயன்படும் என்.எம். கேபிளே இதற்குப் போதும். கடவு வயரின் கேஜையும் பிரேக்கரின் அளவையும் ஒருமுறை சரிபார்த்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது.

5.2. புதிய கடவு

ஸ்லைடில் விளக்குக்கான 12 வோல்ட் மட்டுமே வந்திருந்தால் புதிய கடவு தேவைப்படும். இங்கேதான் தவறான கம்பி பெரிய கேடு செய்கிறது. என்.எம். கேபிளின் உள்ளே இருப்பது ஒற்றைச் செம்புக்கம்பி. கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும் கட்டுக்கம்பியைப் போல, அதுவும் ஒவ்வொரு வளைவிலும் இறுகி, ஒருநாள் உறைக்குள்ளேயே முறியும். ஏன் என்பதைக் கணக்கே காட்டும். வளையும் கம்பியின் மேற்பரப்பு இழுபடும் அளவு, கம்பியின் விட்டத்தை வளைவின் ஆரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. 14 கேஜ் ஒற்றைக் கம்பியின் விட்டம் 1.63 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் மேற்பரப்பு 1.6 விழுக்காடு நீள்கிறது. அதே கேஜில் எஸ்.ஓ.ஓ.டபிள்யூ. வகை ரப்பர் வயரில் கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள 41 மெல்லிழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் நீளும் அளவு கால் விழுக்காடுதான். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த நீட்சிதான் ஆண்டுக்கணக்கில் ஸ்லைடு போய்வருவதைத் தாங்க வைக்கிறது. எண்ணெயும் மழைநீரும் வெயிலும் தாங்கும் உறை அந்த வயருக்குக் கூடுதல் தகுதி.

அடுத்தது வயர் தொங்கும் வடிவம். ஸ்லைடு 90 சென்டிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். வயரை நேராக இழுத்துக் கட்டிவிட்டு, மிச்ச நீளத்தைத் தொங்கவிட்டால் வண்டி ஓடும்போது அது சாலையையோ சக்கரத்தையோ தொடும். ஆங்கில ‘யு’ வடிவ மடிப்பாக அதைப் படுக்க வைத்து, நிலையான முனையை நகர்வின் நடுப்புள்ளிக்கு நேராகக் கட்டினால், மடிப்பு பாதித் தூரமே நகரும். நகர்வில் பாதியான 45 சென்டிமீட்டரும், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவுக்குச் சுமார் 31 சென்டிமீட்டரும் சேர்த்து 76. இரு முனைகளிலும் பெட்டிக்குள் நுழையும் நீளம் தனி. தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகளுக்குப் போடும் பிளாஸ்டிக் சங்கிலித் தடத்துக்குள் இந்த மடிப்பை வைத்தால், அது எப்போதும் ஒரே ஆரத்தில் வளையும், கிடந்து உரசாது. என் தேர்வு அதுவே. சற்றுச் செலவானாலும் தகும்.

வயரின் இரு முனையும் ஈரம் புகாத பெட்டிக்குள், இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு வழியாக நுழைய வேண்டும். இழுவிசை கிளாண்டோடு நிற்க வேண்டும். திருகுமுனைக்கு அது போகக் கூடாது. பெட்டிக்கு முன்னால் வயர் சற்றே கீழிறங்கி மேலேறினால், வழிந்துவரும் நீர் பெட்டிக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். ரப்பர் வயரும் என்.எம். கேபிளும் சேரும் இடம் பின்னாளில் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பெட்டியாக இருக்க வேண்டும். ஸ்லைடின் அடித்தரையில் போட்ட துளையைச் சுற்றியுள்ள நீர்காப்புத் துணியைக் கிழித்தபடி விட்டால், இரண்டு மழைக்காலத்தில் தரைப்பலகை ஊறி உப்பிவிடும். மின்வேலைக்குக் கொடுக்கும் கவனத்தை இந்த அடைப்புக்கும் கொடுக்க வேண்டும்.

5.3. கழற்றி மாட்டும் கடவு

ஸ்லைடில் ஒரு நுழைமுனை, நிலையான சுவரில் அதற்கான பாயிண்ட், இரண்டுக்கும் நடுவே முகாமில் மட்டும் மாட்டும் குட்டையான வயர். விதி இதை ஒப்புகிறது. ஆனால் வயரைக் கழற்ற மறந்து ஸ்லைடை இழுத்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

6. பாயிண்ட் அமரும் இடம்

ஸ்லைடின் வெளிச்சுவர் மெலிது. வீடுகளில் பயன்படும் ஆழமான பெட்டி பலவற்றில் அடங்காது. அதனால் மேசை இருக்கையின் பக்கப்பலகை, கட்டிலின் அடிப்பெட்டி, சோபாவின் பக்கத் தடுப்பு ஆகியவையே நல்ல இடங்கள். வெளிச்சுவரைத் துளைக்க வேண்டாம். கம்பியும் பெட்டிக்குள்ளேயே ஓடும். பலகை ஒட்டி அழுத்திய சுவரில் வேறு வழியில்லை என்றால், சுவர்மேல் ஒட்டும் மூடுகால்வாயும் மேற்பரப்புப் பெட்டியும் போதும். அழகு சற்றுக் குறையும், சுவர் பிழைக்கும்.

வண்டித் தொழிற்சாலைகள் தனிப் பெட்டி இல்லாத ஒருங்கிணைந்த பாயிண்டுகளை விரும்பிப் போடுகின்றன. கேபிளின் உறையைக் கத்திப் பற்கள் கிழித்துச் செம்பைக் கவ்வும் அமைப்பு அது. விதி அதை அனுமதிக்கிறது, பொருத்தவும் எளிது. ஆனால் அது குறிப்பிட்ட வகைக் கேபிளுக்கு மட்டுமே அங்கீகரிக்கப்பட்டது; பல இழை ரப்பர் வயரை அதில் கவ்வவைக்கக் கூடாது. சூடேற்றி போன்ற கனத்த லோடு வரக்கூடிய இடத்தில் பெட்டியும் திருகுமுனையும் கொண்ட வழக்கமான பாயிண்டே மேல். வண்டி குலுங்கும், பிடிப்பு தளராத இணைப்பு வேண்டும்.

இடத்தை முடிவுசெய்யும் முன் ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே நீண்டிருக்கையில் வெறுமையாகத் தெரியும் பக்கச்சுவர், உள்ளே வரும்போது அடுக்களை மேடையோடு விரல்கடை இடைவெளியில் உரசிப்போகலாம். பாயிண்டில் மாட்டியிருக்கும் பிளக் நாலு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்லைடின் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பாயிண்டைச் சுவரோடு பெயர்த்துவிடும்.

7. நிறம், எர்த், கசிவு

தமிழ்நாட்டில் வயரிங் வேலை அறிந்த ஒருவர் அமெரிக்காவில் வண்டியைத் திறந்தால் முதலில் மறக்க வேண்டியது நிறத்தை. நம் ஊரில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். அங்கே 120 வோல்ட் வயரிங்கில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறையற்ற செம்போ எர்த். இந்த வண்டிகளின் 12 வோல்ட் வயரிங்கிலும் பல இடங்களில் கறுப்பு நேர்முனை, வெள்ளை எதிர்முனை. கார் மின்வேலையில் கறுப்பு எதிர்முனை. ஆக ஒரே அலமாரிக்குள் இரு கறுப்புக் கம்பிகள் இருக்கலாம், ஒன்றில் 12 வோல்ட், மற்றொன்றில் 120. நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும். இரு வகைக் கம்பிகளுக்கும் நடுவே குறைந்தது 13 மில்லிமீட்டர் இடைவெளியோ தக்க தடுப்போ இருக்க வேண்டும் என்பதும் விதி.

வண்டியின் பேனலுக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேரக் கூடாது. அவை சேரும் இடம் மின்சாரம் புறப்படும் இடத்தில்தான். வண்டிக்குள் எங்காவது இரண்டையும் சேர்த்துவிட்டால், வழக்கமாக நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் வழியாகவும் வண்டியின் உலோக உடல் வழியாகவும் ஓடும். அந்த நிலையில் எர்த்தும் எங்காவது அறுந்தால், ஈரத்தரையில் வெறுங்காலோடு கதவுப்பிடியைத் தொடுபவர் உடல் வழியே அது பூமிக்குப் போகும்.

கசிவைக் கண்டு துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கருவியை 1961-இல் உருவாக்கியவர் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல். கம்பியைப் பிடித்த கையைத் தானே விடுவித்துக்கொள்ள எவ்வளவு மின்னோட்டம் வரை முடியும் என்பதை அவர் தன்னார்வலர்களிடம் அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. அமெரிக்கக் கருவி 4 முதல் 6 மில்லிஆம்பியருக்குள் துண்டித்துவிடும். நம் வீடுகளின் ஆர்.சி.சி.பி. பொதுவாக 30 மில்லிஆம்பியரில் விழுவது. கழுவுதொட்டியிலிருந்து ஆறு அடிக்குள் வரும் பாயிண்டுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயம். நகரும் கடவுக்கு அப்பால் இருக்கும் எந்தப் பாயிண்டுக்கும் அதைப் போட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு சிக்கலை யோசிக்க வேண்டும். குளியலறை ஜி.எஃப்.சி.ஐ.க்குப் பின்னால் வெளிச்சுவர்ப் பாயிண்டும் கோக்கப்பட்டிருக்கும் என்றேன். கட்டிலருகே புதிய பாயிண்டை அதே சரத்தில் சேர்த்தால், நள்ளிரவு மழையில் வெளிப்பாயிண்ட் நனைந்ததும் சிபாப் கருவி நின்றுபோகும். நோயாளியின் பாயிண்டுக்குத் தனி ஜி.எஃப்.சி.ஐ., இயலுமானால் தனி சர்க்யூட் வேண்டும்.

8. சோதனை

வேலைக்கு முன் வெளி இணைப்பைக் கழற்றினால் மட்டும் போதாது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் வகையாக இருக்கலாம். இன்வெர்ட்டர் மின்கலத்திலிருந்து அதே பாயிண்டுகளுக்கு 120 வோல்ட் தந்துகொண்டிருக்கலாம். மூன்றையும் நிறுத்தி, மீட்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் 120 வோல்ட் மின்சாரம் இன்றியே ஸ்லைடின் கடவை முழு நகர்விலும் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்லைடை இயக்க, மற்றவர் பாதுகாப்பான தூரத்திலிருந்து வயரின் மடிப்பைக் கவனிக்க வேண்டும். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றின் தொடர்ச்சியும் எந்த நிலையிலும் அறக் கூடாது. தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டியின் வயரிங்கும் ஒரு நிமிடத்துக்கு 900 வோல்ட் தாங்குவது போன்ற ஒரு சோதனையைக் கடந்தே வெளிவருகிறது. பின்னால் சேர்த்த வயருக்கும் ஒரு மெக்கர் சோதனை நியாயமே. ஆனால் கன்வெர்ட்டர், இன்வெர்ட்டர், ஜி.எஃப்.சி.ஐ. ஆகியவற்றைப் பிரித்துவைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

மின்சாரம் கொடுத்த பின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும். மூன்று விளக்குள்ள சோதனைப் பிளக் மட்டும் போதாது. பேஸும் நியூட்ரலும் இடம்மாறி, எர்த்தும் அதனோடு தவறாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பிளக் ‘சரி’ என்றே காட்டும். கடைசியாகச் சூடேற்றியை அரைமணி ஓடவிட்டு, பாயிண்டின் முகப்பையும் கடவு வயரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இணைப்பில் குறை இருக்கிறது.

9. 120 வோல்ட் தேவைப்படாத இடம்

கைப்பேசி, வாசிப்பு விளக்கு, சிறு விசிறி, பல மாதிரி சிபாப் கருவிகள் ஆகியவை 12 வோல்ட்டிலேயே இயங்கும். ஸ்லைடில் விளக்குக்காக 12 வோல்ட் ஏற்கெனவே வந்திருந்தால், ஃபியூஸின் அளவுக்குள் அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. பாயிண்ட் எடுப்பது புதிய கடவைவிட எத்தனையோ மேல். வெளி இணைப்பு இல்லாத காட்டு முகாமிலும் அது மின்கலத்திலிருந்து ஓடும். தேவை உண்மையில் இவ்வளவே என்றால் 120 வோல்ட்டைத் தேடிப் போக வேண்டாம்.

அதற்கு மேல் தேவைப்படுவோர் ஸ்லைடுக்குள் ஏற்கெனவே வந்திருக்கும் மின்சாரத்தை முதலில் தேடட்டும். புதிய கடவுதான் வழி என்றால், 551-ஆம் பிரிவை அறிந்த மின்பணியாளரிடம் அதை ஒப்படைக்கட்டும். அந்த வேலை முடியும்வரை, ஸ்லைடின் விளிம்பைத் தாண்டிக் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை இன்றே எடுத்துவிடுங்கள்.